கண்ட்ரோல் மண்ணு

கரண்ட் போயிருச்சு. காலைல வந்ததுல இருந்து ஈயம் அளக்கற மிஷினோட விளக்கு சூடாகட்டும்னு காத்து, அளவு தெரிஞ்ச ஈயத் தண்ணியெல்லாம் வரிசையா ஓட்டிச் சரிபாத்து, சரிங்க மேடம் இனி உங்க பாட்டிலைக் குடுங்கன்னு ஜெரால்டு கையை நீட்டற நேரத்துல பொசுக்குனு அணைஞ்சு போச்சு. யூ.பி.எஸ். பேட்டரி செத்து எத்தனையோ மாசமாச்சு, சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம், ஆபீஸ்ல ஒருத்தரும் காதுல வாங்கல. பேட்டரி. நேத்து சாயங்காலத்துல இருந்து அந்த வார்த்தையே எனக்கு ஆகல. "மெயின்டனன்ஸ் ஷட்டவுன் மேடம், போன்ல மெசேஜ் வந்துச்சே பாக்கலீங்களா? வர்றப்ப வரும். நான் ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்றேன்"னு சிலிண்டர் வால்வை மூடிட்டு ஜெரால்டு நடையைக் கட்டிட்டான். அவனுக்கென்ன, மகராசன். மிஷின் ஓட்டறது அவன் வேலை, அவனுக்கு அது மூணாம் நம்பர் பாட்டில். எனக்கு அது எங்க வீட்டுக் கொல்லை. எங்க வீட்டுக் கொல்லையில தோண்டி, ஈரத்தாள்ல போட்டு வயித்தைக் காலி பண்ண வெச்சு, உறைய வெச்சு, காய வெச்சு, ஆசிட்டுல கரைச்ச மண்புழு. பாட்டில்ல பாத்தா பச்சைத்தண்ணி மாதிரி தெளிவா இருக்குது. புழு இருந்த அடையாளமே இல்ல. ஃபேன் நின்னதும் ஆசிட் நெடி வந்து மூக்குல ஏறுது. ஜன்னலைத் திறக்கலாம், திறந்தா வெயில். எந்திரிக்கவே பிடிக்கல. எந்திரிச்சா போன் எடுப்பேன், போன் எடுத்தா வீட்டுக்குப் பேசுவேன், பேசினா சொல்லோணும். சொன்னா அது நெசமாயிரும். சொல்லாத வரைக்கும் அது மூணாம் நம்பர் பாட்டில்தான்.

எவ்வளவு மெதப்பா ஆரம்பிச்சேன் இந்த ஆராய்ச்சியை. முலாம் பூசற பட்டறைங்களுக்குப் பின்னால ஓடுதே ஒரு வாய்க்கா, பச்சையா ஒரு நாளைக்கு, கறுப்பா ஒரு நாளைக்கு, அது கரையோரத்து மண்ணுல என்னென்ன உலோகம் எறங்கிக் கெடக்குதுன்னு மண்புழுவை வெச்சுக் கண்டுபிடிக்கறது. மண்ணையே எடுத்துப் பாத்தாப் போதாதான்னு வர்றவன் போறவனெல்லாம் கேப்பான். போதாது. மண்ணுல கெடக்கறது வேற, உசுருக்குள்ள ஏறறது வேற. புழு மண்ணைத் தின்னு மண்ணைப் பேண்டு, தோலாலயும் அதையே குடிச்சு, ராவும் பகலும் அதுக்குள்ளயே கெடக்குது. எது ஏறும், எவ்வளவு ஏறும்னு அதைக் கேட்டாத்தான் தெரியும். இதையெல்லாம் கருத்தரங்குல மைக் புடிச்சுப் பேசியிருக்கறேன், கை தட்டினாங்க. அங்க ஒரு பெரியவர் எந்திரிச்சு, மண்புழு இருந்தாலே அது நல்ல மண்ணுதானம்மா, உழவனின் நண்பன்னு பள்ளிக்கூடத்துல படிச்சமேன்னாரு. நான் சிரிச்சுட்டே சொன்னேன், இல்லீங்கய்யா, ஈயம் இருந்தாப் புழு உடனே செத்துப் போயிராது, அதைச் சதைக்குள்ள பொட்டலம் கட்டி வெச்சுக்கிட்டு கம்முனு கொழுகொழுன்னு இருக்கும், பாத்தாத் தெரியாதுன்னு. பாத்தாத் தெரியாது. அன்னைக்கு அதைச் சொல்றப்ப எனக்கு எவ்வளவு பெருமை. ஊருக்கெல்லாம் குறி சொல்ற பல்லி கழுநீர்ப் பானைல விழுந்துச்சாம். விழுந்தாச்சு. பாப்பாவும் கொழுகொழுன்னுதான் இருக்கறா. சீ, என்ன நெனப்பு இது, தூ தூ, பெத்த புள்ளையை எதோட சேத்துப் பாக்கறேன். பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. பாப்பாவுக்கு மூணு வயசு, பேர் கனிஷ்கா, பேர் சொல்லிக் கூப்புட்டாத் திரும்பிப் பாக்கறா. சில நேரம் பாக்கறதில்ல. வெளையாட்டு மும்முரம். எல்லாப் புள்ளைங்களும் அப்பிடித்தான்.

வாய்க்கா மண்ணுல இருக்கற புழுவை எதோடயாவது ஒப்பிடோணுமில்ல, அதுக்கு ஒரு சுத்தமான மண்ணு வேணும். கண்ட்ரோல்னு சொல்லுவோம். மத்தவங்க எல்லாம் காட்டுப் பக்கம் போய், மலையடிவாரத்துக்குப் போய் எடுத்துட்டு வருவாங்க. நான் எங்க போவேன், கைப்புள்ளைக்காரி. எங்க வீட்டுக் கொல்லையிலயே எடுத்தேன். பட்டறை இல்ல, வாய்க்கா இல்ல, உப்பு உரம் ஒரு பிடி போட்டதில்ல, எங்க வீட்டுக்காரர் போட விடமாட்டாரு. இதைவிடச் சுத்தமான மண்ணு எந்த ஊர்ல இருக்குதுன்னு நெனச்சேன். அவரு பேரை வெளிய சொல்லமாட்டேன், மனசுக்குள்ள சொல்லிக்கலாம், மயிலானந்தன், மயிலு. மில்லுல ராத்திரி ஷிப்ட்டு. விடியக்காலம் வந்து, நான் காலேஜுக்குக் கெளம்பினதும் பாப்பாவைத் தொட்டில்ல போட்டு, அவ தூங்கினா இவரும் கண்ணசந்து, அவ முழிச்சா ரெண்டு பேரும் கொல்லையில. அரைக்கீரை, சிறுகீரை, ரெண்டு கத்திரிச்செடி, ஒரு முருங்கை. இடம் வாங்கின புதுசுல மம்முட்டியைப் போட்டுக் கொத்தறப்ப மண்ணுக்குள்ள இருந்து கறுப்புக் கறுப்பா பிளாஸ்டிக் பலகை மாதிரி துண்டு துண்டா வந்துச்சு. உடைஞ்ச பக்கெட்டோ என்னமோன்னு நெனச்சோம். இவரு சும்மா இருப்பாரா, அதையெல்லாம் கழுவி, கீரைப் பாத்தியைச் சுத்தி வரப்பு மாதிரி நட்டு வெச்சுட்டாரு. பாரு கோகிலா, காசில்லாம காம்பவுண்டு கட்டிட்டேன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அழகாத்தான் இருந்துச்சு. மொத ரிசல்ட்டு வந்தன்னைக்கு, வாய்க்காப் புழுவைவிட எங்க வீட்டுப் புழுவுல ஈயம் ஜாஸ்தின்னு ஜெரால்டு சொன்னப்பவும் சிரிச்சேன். லேபிளை மாத்தி ஒட்டிட்டியா ஜெரால்டு, கண்ணாடியை மாத்துன்னு கேலி பண்ணேன். லேபிள் ஒட்டினது நான்தான்னு அப்பறம் ஞாபகம் வந்துச்சு. மாத்தியெல்லாம் ஒட்டல.

குருநாதன் சார் கைடு, மனுசன் தங்கமானவரு, ஆனா எதையும் சுளுவா முடிக்கோணும் அவருக்கு. "வீட்டு மண்ணை எதுக்கும்மா எடுத்தே? தூக்கி வீசு அந்த டேட்டாவை. காட்டுக்குள்ள போய் வேற கண்ட்ரோல் எடுத்துட்டு வா, பேப்பர் கெட்டுப் போயிரும் பாரு"ன்னாரு. வீசிரலாம். டேட்டாவை வீசிரலாம் சார், கொல்லையை எங்க கொண்டுபோய் வீசறது, கீரையை, மூணு வருசமா தின்ன கீரையை? அப்பத்தான் அவரே இன்னொண்ணும் கேட்டாரு, "கண்ட்ரோல் புழுவை ஈரத்தாள்ல போட்டு வெச்சியா, இல்ல அப்பிடியே கரைச்சுட்டியா?" அந்தக் கேள்விக்கு அவரு காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன். அப்பிடியேதான் சார் கரைச்சேன்! வாய்க்காப் புழுவை எல்லாம் ஒழுங்கா ஈரத்தாள்ல வெச்சேன், தாளை மாத்தி மாத்தி வெச்சேன், மாத்தலேன்னா அதுக பேண்டதை அதுகளே தின்னுரும். வீட்டுப் புழு கண்ட்ரோல்தானே, அதுல என்ன இருந்துரப் போகுதுன்னு கழுவி அப்பிடியே உறைய வெச்சுட்டேன். அப்பிடிப் பண்ணினா வயித்துல கெடக்கற மண்ணும் சேந்து கணக்குல வந்துரும். எங்க வீட்டுப் புழு வயித்துல ஈயம் ஒட்டின மண்ணு ஒரு குந்துமணி எப்பிடியோ மாட்டியிருக்கும், அவ்வளவுதான். என் சோம்பேறித்தனமே, நீ நல்லா இருப்பே, எல்லாம் என்னாலதான்னு சொல்லிரு. இத்தனை வருசத்துல ஆராய்ச்சில தப்பு விட்டேன்னு என்னை ஒருத்தர் சொன்னா சண்டைக்கு நிப்பேன். இப்ப தப்பா இருக்கோணும்னு கோயிலுக்கு வேண்டிக்காத குறை. மறுபடியும் தோண்டினேன். பாப்பா பக்கத்துல குத்த வெச்சு உக்காந்துட்டு, நான் எடுத்துப் போடற ஒவ்வொரு புழுவையும் டப்பாக்குள்ள எட்டி எட்டிப் பாத்தா. ரெண்டு விரல்ல அலுங்காமத் தூக்கினா. நான்தான் பழக்கினேன், புழுன்னா பயப்படக் கூடாது சாமி, புழு நல்லது, அம்மாவுக்குப் புழு வேணும்னு. மண்ணு ஒட்டின அதே விரலை வாய்க்குள்ள வெச்சுக்கிட்டா. மண்ணு திங்காத புள்ள எது. மண்ணு திங்காத புள்ள எதுன்னு எத்தனை தடவை சொல்லிச் சிரிச்சிருக்கறோம் நானும் மயிலும்.

பாப்பா ஒரு வயசுல அம்மான்னு சொன்னா. பூன்னா. காக்காவைப் பாத்து கா கான்னா. அப்பறம் வார்த்தை சேரவே இல்ல, இருந்ததும் கொறஞ்சு போச்சு. டாக்டரு, சில கொழந்தைங்க லேட்டாப் பேசும், பயப்படாதீங்க, நாலு புள்ளைங்களோட பழக விடுங்கன்னாரு. எங்க அத்தை வசம்பைச் சுட்டு இழைச்சு நாக்குல தடவச் சொன்னாங்க, தடவினோம். முகத்தைச் சுளிச்சா, பேசல. இவ அப்பனே நாலு வயசு வரைக்கும் பேசல தெரியுமான்னு அத்தையே அப்பறம் சமாதானமும் சொன்னாங்க. அது போதும் எனக்கு. பரம்பரை. நாலு வயசாகட்டும், பொரிஞ்சு தள்ளுவா. ஆனா நான் படிச்ச படிப்பு இருக்குதே, பாழாப்போன படிப்பு, அது ராத்திரி பகலா காதுக்குள்ள ஓதுது: ஈயம் சின்னப் புள்ளைங்களுக்கு மூளைல போய் உக்காரும், பேச்சைப் பிடிக்கும், கவனத்தைப் பிடிக்கும், வெளிய ஒண்ணும் தெரியாது. இதெல்லாம் என் முன்னுரைல நானே எழுதினது. எழுதறப்ப வாழைக்கா சிப்ஸ் தின்னுட்டு எழுதினேன். நேத்து சாயங்காலம் பால் ஊத்தற சரசாக்காகிட்ட பேச்சுவாக்குல கேட்டேன், ஏனுங்க்கா, நாங்க வீடு கட்டறதுக்கு முந்தி இந்த எடத்துல என்ன இருந்துச்சுன்னு. அவங்க பால் போசியைக் கீழ வெச்சுட்டு, "அதை ஏன் கேக்கறே போ. பேட்டரி ஒடைக்கற ஷெட்டு ஒண்ணு போட்டிருந்தானுக. பழைய பேட்டரியை எங்கெங்க இருந்தோ லாரில கொண்டாந்து ஒடைச்சு, உள்ள இருக்கற ஈயத்தை உருக்குவானுக. எங்க எருமை ரெண்டு சும்மா சும்மா சுத்திச் சுத்தி விழுந்து செத்துச்சு. சனம் சத்தம் போட்டதும் மூடிட்டு ஓடிட்டானுக"ன்னாங்க. நான் ஓஹோன்னேன். பாலை வாங்கிட்டு உள்ள வந்தேன். காச்சினேன். கொல்லையில பாத்தியைச் சுத்தி அந்தக் கறுப்புப் பலகைங்க வரிசையா நின்னுச்சு. பக்கெட்டு இல்ல அது. எத்தனை தடவை பாத்திருக்கறேன், அந்த ஓட்டை, அந்தத் தடுப்பு, பேட்டரிப் பெட்டின்னு கண்ணுக்குத் தெரியலையே. ஆனா ஒண்ணு, ஷெட்டு இருந்தா என்ன, மேல ரெண்டு லோடு செம்மண்ணு அடிச்சிருக்குதே. மழை பேஞ்சு கரைஞ்சிருக்கும். ஈயம் கரையாது. கொஞ்சமாவது கரையும். கரையாதுடி, உனக்குத் தெரியும், கரையாது.

போன் அடிக்குது. அவருதான். எடுக்காம விட்டா மறுபடி அடிப்பாரு, வெசனப்படுவாரு. "என்ன கோகிலா, சாப்ட்டாச்சா? இங்க கீரை கடைஞ்சேன், பூண்டு தட்டிப் போட்டு. கமகமன்னு இருக்குது. உனக்கும் எடுத்து வெக்கறேன்"ங்கறாரு. ராத்திரியெல்லாம் மில்லுல நின்ன குரல், தூக்கத்துல கொழகொழன்னு. பாப்பாவுக்குக் கீரை குடுத்துட்டீங்களான்னேன். "ரெண்டு வாய் வாங்கினா. இன்னும் ஊட்டோணும்." வேண்டாங்க, தயிருஞ்சோறு ஊட்டுங்க. "ஏன், என்னாச்சு?" ஒண்ணுமில்ல, வெயில் காலம், வயித்துக்கு ஆகாது. "இதென்ன புதுசா இருக்குது? நீதானே தெனமும் கீரை குடுங்க, இரும்புச்சத்து, இரும்புச்சத்துன்னு உசுரை எடுத்தே?" சொல்றதைக் கேளுங்களேன் ஒரு நாளைக்குன்னு எரிஞ்சு விழுந்தேன். "சரி சாமி, கத்தாதே. தயிரே ஊட்டறேன். நான் திங்கலாமா கீரையை, அதுக்கும் உத்தரவு வேணுமா?" சிரிக்கறாரு. நீங்களும் திங்க வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேப்பாரு. ஏன்னு கேட்டா, நீங்க உங்க கையால நட்டு, உங்க கையால கிள்ளி, உங்க கையால ஊட்டினீங்களேன்னு சொல்லோணும். அந்த மனுசன் அதோட மம்முட்டியைத் தொடமாட்டாரு. அதோட எதையுமே தொடமாட்டாரு. தின்னுங்கன்னு சொல்ல முடியல, திங்காதீங்கன்னும் சொல்ல முடியல, மிஷின் ஓடுது வெச்சர்றேன்னு பொய் சொல்லி வெச்சுட்டேன். மிஷின் எங்க ஓடுது, எல்லாம் செத்துக் கெடக்குது. ரெண்டு வாய். ரெண்டு வாய்ல என்ன ஆயிரப் போகுது. மூணு வருசத்துல எத்தனை ரெண்டு வாய். ஒருவேளை கரண்ட் வந்து, பாட்டிலை ஓட்டி, ஒண்ணுமில்லீங்க மேடம், போன தடவை வயித்துல மண்ணு இருந்துருக்குதுன்னு ஜெரால்டு சொல்லிட்டான்னா, நேரா வீட்டுக்குப் போய் அந்தக் கீரையைச் சட்டியோட எடுத்து வழிச்சுத் திங்கறேன், குருநாதன் சாருக்கு ஒரு கிலோ மைசூர்பா, ஜெரால்டுக்கு ஒரு கிலோ, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு மருதமலைல போய் மொட்டை. பாப்பாவுக்கு இல்ல, எனக்கு. ஏற்கனவே பாப்பாவுக்கு ரெண்டு மொட்டை போட்டாச்சு, பாவம்.

ஃபேன் முனகுது. வந்துருச்சு. மிஷின் பீப்னு கத்துது, ஜெரால்டு வாயில வடையோட ஓடி வர்றான். மறுபடி விளக்கு சூடாகோணும், மறுபடி எல்லாத்தையும் சரிபாக்கோணும். இன்னும் கொஞ்சம் நேரம் ஆகட்டும், ஜெரால்டு, அவசரமில்ல, நல்லாச் சூடாகட்டும். மிஷினுக்குள்ள தீ நீலமா நிக்குது. மொதல்ல வெறும் தண்ணி. அப்பறம் வாய்க்கா. அப்பறம் அந்தச் சின்னக் கொழாய் எங்க வீட்டு பாட்டில்ல எறங்குது, உறிஞ்சுது, சத்தமே இல்ல. நான் திரையைப் பாக்கல, ஜெரால்டு மூஞ்சியைப் பாக்கறேன். அவன் வடையை முழுங்கறான். "மேடம், போன தடவை வந்ததைவிடக் கொஞ்சம் கம்மியா வந்துருக்குதுங்க." கம்மியா! எவ்வளவு கம்மி? "கொஞ்சந்தாங்க. இப்பவும் வாய்க்காப் புழுவைவிட ஜாஸ்திதான்." இன்னொருக்கா ஓட்டு. ஓட்டறான். "அதேதாங்க." இன்னொருக்கா ஓட்டு ஜெரால்டு, கொழாயைக் கழுவிட்டு ஓட்டு. கழுவி ஓட்டறான். "அதேதாங்க மேடம்." அந்தக் கொஞ்சம்தான் வயித்துல இருந்த மண்ணு. மிச்சம் அத்தனையும் சதை. ஈரத்தாள்ல போட்டா வயித்துல இருக்கறது வெளிய வந்துரும், சதைக்குள்ள போனது வராது, எத்தனை தாள் மாத்தினாலும் வராது. போனை எடுத்தேன். எடுத்தாச்சு.

"பாப்பா எங்கீங்க?"ன்னேன். "சாப்ட்டுட்டு கொல்லையில இருக்கறா. நீ குடுத்த டப்பாவைத் தூக்கிட்டுப் போய் பாத்தியோரம் உக்காந்து, புழு புடிச்சு புடிச்சுப் போட்டுட்டு இருக்கறா. அம்மாவுக்காமா"ங்கறாரு. அம்மான்னு சொன்னாளா? வாயால சொன்னாளாங்க? "இல்ல கண்ணு. வாசல்ல கெடக்கற உன் பழைய செருப்பைக் காட்டினா." செருப்பை. சரி. சரிங்க. அவளை உள்ள தூக்கிட்டு வாங்க, இப்பவே, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி விடுங்க, வாயைக் கொப்பளிக்க வைங்க, கீரையைக் கொட்டிருங்க, எல்லாத்தையும். ஆட்டோ புடிச்சு பெரியாஸ்பத்திரிக்கு வந்துருங்க, நானும் நேரா அங்க வந்தர்றேன், ரத்தம் எடுக்கோணும். மூச்சு விடாமச் சொல்லிட்டேன். அந்தப் பக்கம் கொழாய்த் தண்ணிச் சத்தமும் பாப்பா டப்பாவைத் தட்டற சத்தமும் கேக்குது. பின்னால இருந்து ஜெரால்டு, "மேடம், அடுத்த சாம்பிளைக் குடுக்கறீங்களா?"ங்கறான். போன்ல மயிலு, "என்ன கோகிலா சொல்றே, ரத்தமா? யாருக்கு ரத்தம் எடுக்கோணும்?"ங்கறாரு. பாப்பாவுக்குத்தாங்கன்னேன்.